சிறப்பாசிரியர்களின் பணி அழுத்தம்: பாரத்தைப் பிரித்து இறக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியையாகப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வட்டார வள மையத்தின் பின்பக்கப் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பிள்ளைங்கள சமாளிச்சிடுவேன்க்கா. மத்ததெல்லாம்தான் முடியல" என்றார். 14 வருடமாக நான் இந்த வேலையில் இருக்கிறேன். எங்கள் அழுத்தத்தை இவ்வளவு சரியாகச் சொன்ன வேறு வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், "உங்களுக்கு ரொம்பப் பொறுமை" என்பார்கள். குழந்தைகளால்தான் நாங்கள் களைத்துப்போகிறோம் என்று நினைக்கிறார்கள். குழந்தைகளால் வரும் களைப்பு ஒருநாள் தூங்கி எழுந்தால் போய்விடும். போகாமல் தங்குவது வேறு: பேருந்துப் பயணம், பதிவேடு, "உங்க பையன்" என்று தள்ளிவிடும் வகுப்பு, தொகுப்பூதியம், யாரிடமும் சொல்லாமல் விட்ட துக்கம். எல்லாவற்றையும் சேர்த்து "டென்ஷன்" என்று ஒரே பெயரில் சுமந்தால் எதையும் இறக்க முடியாது. அதனால் முதலில் பிரிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில், மாற்றுத்திறன் குழந்தைகளை மற்ற பிள்ளைகளோடு சேர்த்தே படிக்க வைக்கும் உள்ளடக்கிய கல்வித் திட்டத்தில் பள்ளி பள்ளியாகவும் வீடு வீடாகவும் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சிறப்புப் பள்ளியில் ஒரே வகுப்பில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: ஐந்து நாள் நோட்டு

40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஐந்து வேலை நாட்களுக்கு மூன்றே விஷயம் எழுதினால் போதும்: நேரம், என்ன செய்தேன், அப்போது உடம்பு எப்படி இருந்தது. "10.40, ஐந்தாம் வகுப்பு, வாய்ப்பாடு, பரவாயில்லை." "12.15, பேருந்துக்கு நிற்கிறேன், தலைவலி." இவ்வளவுதான். இரவில் நினைவுபடுத்தி எழுதாதீர்கள். அந்தந்த இடத்திலேயே கிறுக்கிவிடுங்கள்.

நான் முதல்முறை இதைச் செய்தபோது ஐந்து நாளில் 11 மணி நேரம் பேருந்திலும் நிறுத்தத்திலும் போயிருந்தது. குழந்தைகளோடு நேரடியாக இருந்தது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தலைவலி என்று எழுதிய இடங்களில் முக்கால்வாசியில் குழந்தையே இல்லை. கையில் போன் இருந்தது.

நோட்டு முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து போடுங்கள். நான் மட்டுமே மாற்றக்கூடியது "நா". சக ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ பேசி மாற்றக்கூடியது "பே". மேலே எழுதிக் கேட்டால் மட்டுமே மாறுவது "எ". ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் சொன்ன ஒரு கருத்து இங்கே உதவும். வேலை அதிகமாக இருப்பது மட்டும் மனிதரை உடைப்பதில்லை. வேலையும் அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் கையில் இல்லாதபோதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. உங்கள் நோட்டில் "எ" அதிகமாக இருந்தால் யோகாவும் மூச்சுப்பயிற்சியும் மட்டும் போதாது. அது உங்கள் பலவீனமும் இல்லை.

படி 2: இலக்கைச் சின்னதாக்குங்கள்

ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தில், "மூன்று மாதத்தில் தானே சாப்பிடுவான்" என்று எழுதியிருப்போம். மூன்று மாதம் கழித்து, "இன்னும் இல்லை" என்று எழுதும்போது நாமே தோற்ற மாதிரி இருக்கும். குழந்தை முன்னேறியிருக்கும். ஆனால் நாம் வைத்த அளவுகோலில் அது தெரியாது.

என்னிடம் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமி இருந்தாள். வீட்டுவழிக் கல்வி. சாதாரணக் கரண்டி அவள் கையில் நிற்காது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கரண்டியின் பிடியில் நான்கு சுற்று சுற்றிக் கட்டினேன். பிடி பருமனானதும் விரல்கள் அதைப் பற்றிக்கொண்டன. அதன் பிறகு இலக்கை இப்படி எழுதினேன்: கரண்டியைப் பத்து எண்ணும்வரை பிடிப்பாள். கரண்டியைத் தட்டுக்குள் இறக்குவாள். நான் முழங்கையைத் தாங்கினால் வாய்வரை கொண்டுபோவாள். தாங்காமல் கொண்டுபோவாள். "தானே சாப்பிடுவாள்" என்பதற்குள் இப்படி ஒன்பது படிகள் இருந்தன. ஒன்றரை வருடத்தில் ஆறு படிகள் வந்தாள். பழைய கணக்கில் அது பூஜ்யம்தான்.

ஒரு குழந்தைக்கு ஒரே நேரத்தில் மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் கண்ணால் பார்க்கக்கூடியதாகவோ எண்ணக்கூடியதாகவோ இருக்கட்டும். "கவனம் மேம்படும்" என்று எழுதினால் உங்களுக்கே எப்போது முடிந்தது என்று தெரியாது. முடியாத வேலை மாதிரி மனதை அரிப்பது வேறெதுவும் இல்லை.

இன்னொன்று. சிறப்புக் கல்வியில் நம் படிப்பு பெரும்பாலும் ஒரு குறைபாட்டை மையமாக வைத்தது. சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவும் அந்தப் பிரிவிலேயே இருக்கும். ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் எதுவும் உங்கள் வட்டாரத்தில் இருக்கலாம். அறிவுசார் குறைபாட்டில் பயிற்சி பெற்றவரிடம் பார்வையில்லாத குழந்தை வந்து நின்றால் பதற்றம் வரத்தான் செய்யும். "எனக்கு இது தெரியாது" என்பதைக் குற்றமாக நினைக்காதீர்கள். செவித்திறன், பார்வை, அறிவுசார் குறைபாடு ஆகிய மூன்று பிரிவிலும் ஆளுக்கு ஒருவரின் எண் உங்கள் போனில் இருக்கட்டும். ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளலாம். பல குறைபாடுகள் சேர்ந்திருக்கும் குழந்தை என்றால், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் அதற்கென்றே 2005 முதல் தேசிய நிறுவனம் இயங்குகிறது. அங்கே மதிப்பீட்டுக்கு அனுப்பலாம்.

படி 3: கடி, அடி, வலிப்பு: முன்கூட்டியே திட்டம்

அடுத்து என்ன நடக்குமோ என்ற பயம், நடந்ததைவிட அதிகம் சோர்வடைய வைக்கும். திட்டம் இருந்தால் பயம் பாதியாகும்.

ஆட்டிசம் உள்ள ஒரு பையன் வாரத்தில் மூன்று நாள் பக்கத்தில் இருப்பவரைக் கடித்துவிடுவான். என் இடது முன்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. எல்லோரும், "திடீர்னு கடிக்கிறான்" என்றார்கள். திடீரென்று எதுவும் நடப்பதில்லை. மூன்று பத்தி போட்டு எழுத ஆரம்பித்தேன்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாங்கள் என்ன செய்தோம். எட்டாவது பதிவில் பிடிபட்டது. எல்லாமே 12.20ஐ ஒட்டி நடந்திருந்தன. சத்துணவுக்காக எவர்சில்வர் தட்டுகளை மொத்தமாகத் திண்ணையில் கொட்டும் நேரம் அது. அந்தச் சத்தம் அவனுக்குத் தாங்கவில்லை. 12.15க்கே அவனைக் கை கழுவக் குழாயடிக்கு அழைத்துப்போகும்படி ஒரு ஏற்பாடு செய்தோம். கடிப்பது அந்த மாதமே நின்றது. பிறகு ஒரே ஒருமுறை கடித்தான். அன்று அழைத்துப்போகிறவர் லீவு.

நடக்கும்போது என்ன செய்வது? ஒன்றரைக் கை தூரத்தில், நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். பேச்சைக் குறையுங்கள். "போதும், உட்காரு" என்று இரண்டு சொல் போதும். மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்புவது அவனை வெளியே இழுப்பதைவிடச் சுலபம். கடித்துக்கொண்டிருந்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், தோல் கிழியும். கையை வாய்ப்பக்கமாகவே மெல்லத் தள்ளினால் தாடை தளரும். பிறகு சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். "குழந்தைதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் துணி வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். இதை வகுப்பாசிரியர், சத்துணவு அமைப்பாளர், ஆயா எல்லோருக்கும் வருடத் தொடக்கத்தில் சொல்லிவையுங்கள். நீங்கள் அந்தப் பள்ளிக்கு வாரம் ஒருநாள்தான் போவீர்கள், வலிப்பு உங்கள் அட்டவணையைப் பார்த்து வராது.

எல்லாம் அடங்கிய பிறகு பத்து நிமிடம் உங்களுக்கு வேண்டும். முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், நடந்ததை நான்கு வரியில் எழுதுங்கள். உடனே அடுத்த குழந்தையிடம் போனால் அந்தப் பதற்றமும் கூடவே வரும்.

படி 4: உடம்பு

30 கிலோ குழந்தையைத் தனியாகத் தூக்காதீர்கள். அம்மா தூக்குகிறாரே என்று நாமும் தூக்குகிறோம். அந்த அம்மாவின் முதுகும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து, முழங்காலை மடக்கி, குழந்தையை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள், காலால் திரும்புங்கள். உங்கள் மையத்தின் இயன்முறை மருத்துவரிடம் ஒருநாள் உட்கார்ந்து, அம்மாவையும் வைத்துக்கொண்டு, இதைப் பழகுங்கள்.

பெண் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. போகிற இடத்தில் கழிவறை சரியாக இருக்காது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறோம். சிறுநீர்த் தொற்று வந்து மாத்திரை சாப்பிட்டபடி களத்துக்குப் போயிருக்கிறேன். வழித்தடத்தில் எந்தப் பள்ளியில், எந்த வீட்டில் கழிவறை நன்றாக இருக்கிறது என்று குறித்து வைத்து, அதை வைத்தே அன்றைய வரிசையைப் போடுங்கள்.

படி 5: பதிவேடும் போனும்

வருகைப் பதிவு, முன்னேற்றப் பதிவு, எமிஸ் (கல்வித் துறையின் தகவல் தளம்) உள்ளீடு, முகாம் பட்டியல், உதவி உபகரணப் பட்டியல், போட்டோ. இதெல்லாம் இரவு பத்து மணிக்குச் சமையல் மேடையில் நடக்கிற வேலையாகிவிட்டது. என் வழி இது: ஒரு மணி நேரச் சந்திப்பு என்றால் அது 45 நிமிடப் பயிற்சி, 15 நிமிடம் எழுத்து. அந்த வீட்டுத் திண்ணையிலேயே எழுதி முடித்து அம்மாவின் கையெழுத்தும் வாங்கிவிடுவேன். முதலில் குற்ற உணர்வாக இருந்தது. ஆனால் நான் எழுதுவதைப் பார்த்து அந்த அம்மாக்களே, "இன்னைக்கு ஏழு தடவை பிடிச்சா டீச்சர், எழுதிக்கோங்க" என்று எண்ணிச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஒரே தகவலை மூன்று படிவத்தில் கேட்டால், எதில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் அட்டவணையாகப் போட்டு மாதக் கூட்டத்தில் வையுங்கள். குறையாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. தாளில் பார்த்தால் ஒன்றாவது குறையும்.

போனுக்கு ஒரு நேரம் வையுங்கள். "சாயங்காலம் 6 முதல் 7 வரை கூப்பிடுங்க. அவசரம்னா எப்ப வேணாலும் கூப்பிடுங்க" என்று பெற்றோரிடம் சொல்லி, எது அவசரம் என்பதையும் சொல்லிவிடுங்கள். குரூப்பில் குழந்தைகளின் போட்டோ சுற்றுவதையும் குறையுங்கள். கேட்டால் அனுப்பலாம், கேட்காமல் எதற்கு?

படி 6: "உங்க பையனைக் கூட்டிட்டுப் போங்க டீச்சர்"

வகுப்பறை வாசலில் நிற்கும்போதே இதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் குழந்தை அந்த வகுப்பின் குழந்தை. உள்ளடக்கிய கல்வி தருவது கல்வி நிறுவனத்தின் கடமை என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வாசலில் நின்று சட்டம் பேசினால் உறவு கெடும். 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் திணறுகிறார்.

கிளம்பும் முன் அரைத்தாளில் மூன்றே வரி எழுதிக் கொடுங்கள்: இந்த வாரம் இவன் எங்கே உட்கார வேண்டும், எந்த ஒரு கேள்வியை இவனிடம் கேட்கலாம், அழுதால் என்ன செய்வது. அடுத்த வாரம், "கேட்டீங்களா டீச்சர்?" என்று கேளுங்கள். நான்கில் ஒருவர் செய்வார். அந்த ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியர் முன்னிலையில் அவரைப் பாராட்டுங்கள்.

பெற்றோர் கேட்பது வேறு மாதிரி. "எப்ப டீச்சர் பேசுவான்?" தேதி சொல்லாதீர்கள். "முடியாது" என்றும் சொல்லாதீர்கள். "போன ஆடியில தண்ணி வேணும்னா அழுதான். இப்ப சொம்பைக் காட்டுறான். அடுத்து 'தா'ன்னு சத்தம் வர வைப்போம்" என்று நடந்ததையும் அடுத்ததையும் சொல்லுங்கள். உங்களால் தர முடியாத வாக்கைத் தந்துவிட்டால் அந்த வீட்டுக்குப் போகவே கால் வராது.

ஒரு தாய், "எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பா, ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்" என்று சொன்னால், அதைப் புலம்பலாக எடுத்துக்கொண்டு நகராதீர்கள். அப்படி எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாமல் வீட்டில் இன்னொருவரிடம் சொல்லுங்கள், உங்கள் மேற்பார்வையாளருக்கு அன்றே தெரிவியுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. இந்தச் சுமையை இரவு முழுக்க நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது.

படி 7: மேலே எழுதிக் கேட்பது

"எ" போட்ட வரிகளுக்கு வருவோம். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். ஒரு பக்க மனு எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. முதலில் எண்கள்: எத்தனை பள்ளி, எத்தனை குழந்தை, எத்தனை வீடு, வாரப் பயண நேரம். ஐந்து நாள் நோட்டு இங்கேதான் கை கொடுக்கும். பிறகு, கேட்பதை மாற்று வழியோடு சேர்த்து எழுதுங்கள்: "வடக்குப் பக்கப் பள்ளிகளை ஒரே நாளில் சேர்த்தால் இரண்டு பயணம் மிச்சமாகும்." கடைசியில், அதனால் குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு வரி. நகலில் பெற்ற தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள்.

எண்ணிக்கை பற்றிப் பேசும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம் சிறப்பாசிரியர் பணியிடங்கள் பற்றித் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2022இல் ஒன்றிய அரசு அறிவித்த விகிதம், தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், உயர்தொடக்க நிலையில் 15 பேருக்கு ஒருவர். அந்தப் பணியிடங்களை அனுமதித்து நிரப்ப 2025 மார்ச் 7 அன்று அதே நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உங்கள் பட்டியலில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வித்தியாசத்தைத் தனியாளாக நிரப்பத்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறோம். தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் தனியாக எழுதத் தயங்குவது எனக்குப் புரிகிறது. வட்டாரத்தில் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எழுதுங்கள்.

படி 8: மாதம் ஒருமுறை மூன்று பேர்

மாதக் கூட்டம் முடிந்ததும் நாங்கள் மூன்று பேர் அரை மணி நேரம் தங்கிவிடுவோம். ஆளுக்குப் பத்து நிமிடம். பேசுகிறவர் கேட்டால் ஒழிய யாரும் யோசனை சொல்லக் கூடாது. கேட்டது வெளியே போகக் கூடாது. இவ்வளவுதான் விதி. இந்தப் பட்டியலிலேயே செலவில்லாதது இதுதான், என்னை இந்த வேலையில் தங்க வைத்ததும் இதுதான்.

படி 9: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் பணிச் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார். உள்ளுக்குள் வற்றிப்போவது, கவனித்துக்கொள்ள வேண்டியவர்கள்மீதே ஒட்டுதல் விட்டுப்போவது, எதைச் செய்தும் பயனில்லை என்று தோன்றுவது. 2019இல் உலக சுகாதார நிறுவனமும் ஏறக்குறைய இந்த மூன்றையே சொல்லி, இதை நோய் என்று வகைப்படுத்தாமல் வேலையால் வரும் நிலை என்று வரையறுத்தது. இரண்டாவது அடையாளத்தைக் கவனியுங்கள். குழந்தையின் பெயரைச் சொல்லாமல், "அந்த கேஸ்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தால் அது எச்சரிக்கை.

வேலையை விட்டு விலகியிருக்கும் நாட்களிலும் மனம் தேறவில்லை, பிடித்த எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகச் சரியில்லை என்றால் அது பணிச் சோர்வைத் தாண்டிவிட்டது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

படி 10: ஒரு குழந்தை இறந்தால்

இதற்கு எந்தப் பயிற்சியிலும் வகுப்பு இல்லை. கரண்டி பிடித்த அந்தச் சிறுமி ஒரு மழைக்காலத்தில் நிமோனியா வந்து இறந்துபோனாள். மறுநாள் வேலை நாள். பதிவேட்டில் அந்த மாதத்துக்கு அவள் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். அந்த வரிக்கு நேரே என்ன குறிப்பது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன். அது தவறு. ஆறு மாதம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு பயிற்சிக் கூட்டத்தில் அது வெடித்து வந்தது.

அன்றைக்கு லீவு எடுங்கள். முடிந்தால் சடங்குக்குப் போங்கள். நான் போனபோது அவளுடைய பாட்டி, "டீச்சர் வந்துட்டாங்க பாரு" என்று அவளிடமே சொன்னார். மூன்று பேர் கூடும்போது அவளைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவளுடைய கோப்பை மூடும் முன் கடைசிப் பக்கத்தில், அவள் எட்டிய படிகளை எழுதுங்கள். பதினாறாம் நாள் கழிந்து ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய், அவள் வரைந்தது, போட்டோ எது இருந்தாலும் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் போனபோது அந்த அம்மா உள்ளே போய், கழுவித் துடைத்த அந்தக் கரண்டியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "யாருக்காவது ஆகும் டீச்சர்." டியூபை மட்டும் மாற்றிக் கட்டினேன்.